நன்றியாவது புடலங்காயாவது

தமிழில் வேறெந்தக் காய்க்கும் நேராத அவமானம் புடலங்காய்க்கு நேர்ந்திருக்கிறது. ஒன்றின் மேல் நமக்கு மதிப்பில்லை என்றால் அதன் பக்கத்தில் ஒரு புடலங்காயைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். காதலாவது புடலங்காயாவது. கொள்கையாவது புடலங்காயாவது. இந்த வேலைக்குக் கத்தரிக்காயையும் சிலர் கூப்பிடுவதுண்டு. ஆனால் அது தற்காலிக ஊழியர். நிரந்தரப் பணி புடலங்காய்க்குத்தான்.

என் மனைவி தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். இந்த ‘ஆவது, ஆவது’ சமாசாரத்தை ஒருநாள் வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவி எழுந்து, “ஏன் டீச்சர், புடலங்காய் என்ன தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டாளாம். என் மனைவிக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி அப்போது ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நீளமாக இருக்கிறது, உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, அதனால் இருக்கலாம் என்றேன்.

“உங்களப் பத்திக் கேக்கல,” என்றாள்.

அந்தக் காயிடம் எனக்கு இப்போது நன்றி உண்டு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் புடலங்காய்களைக் கடக்கும்போது என்னையறியாமல் நடை மெதுவாகிறது. ஏனென்று சொல்கிறேன். நடுவில் ஓர் ஆம்புலன்ஸ் வரும், பயப்பட வேண்டாம். சம்பந்தப்பட்ட தலை இன்றும் அதற்குரிய கழுத்தின் மேல்தான் இருக்கிறது.

சரக்குக் கப்பல்களுக்கு வேண்டிய காகிதங்களைத் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தேன். இருபது முடிந்ததும் விருந்து வைத்து, மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பிஸ்கட் அளவில் கெட்டியான உலோக வில்லை; மேலே சாவி மாட்ட ஒரு வளையம். ஒரு பக்கம் கப்பல் படம். மறுபக்கம் என் பெயர், அதன் கீழே ‘சேவைக்கு நன்றி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தார்கள். நல்ல நாளும் அதுவுமாகச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து என்னையே விட்டுவிட்டார்கள்.

வேலை போனது மனைவிக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். தினமும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பையை மாட்டிக்கொண்டு, நான்காம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் காலடியில் இருக்கும் சிமெண்டு பெஞ்சுவரை போவேன். அதற்கு மேல் போக எனக்கு இடமில்லை.

அந்த பெஞ்சு ஏற்கெனவே ஒருவருடையது. இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் சீனப் பெரியவர், டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அங்கிள். வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, விரலில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் பால் சேர்க்காத கோப்பி. ஏழரைக்கு வந்து உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுவார். முதல் நாள் நான் போய் நின்றதும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எங்கே வேலை, ஏன் போகவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பதினோராம் நாள் என் சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் ஆங்கிலத்தில் சொன்னார், இனிமேல் அயர்ன் பண்ணாதே லா, கரண்ட் வேஸ்ட்.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர். முன்னாள் சக ஊழியர்கள் நீளமான குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். உருப்படியாக வேலை செய்த ஆறுதல் இது ஒன்றுதான். மறுநாள் டீ-சட்டையோடு இறங்கினேன். அதற்கடுத்த வாரம் இறங்கவே இல்லை. வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று தைரியம் வந்துவிட்டது.

செடி வளர்க்கலாம் என்று முடிவு செய்ததும் மற்றவர்கள் தொட்டி வாங்கப் போவார்கள். நான் நூலகத்துக்குப் போனேன். ஒன்பது புத்தகம். எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. கடைசிப் பனி விலகிய பிறகே விதைக்க வேண்டும் என்று ஒன்பதும் ஒரே குரலில் சொல்லின. அதைக் கேட்டு நடந்திருந்தால் சிங்கப்பூரில் நான் இன்னும் காத்துக்கொண்டிருப்பேன்.

தோட்டம் என்று நான் சொல்வது எங்கள் வாசலுக்கு வெளியே ஓடும் பொதுத் தாழ்வாரத்தை. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஏழு தொட்டி. அதற்கு மேல் வைத்தால் நடக்கிற வழி குறுகிவிடும். வழியின் அகலத்தைக் கண்காணிப்பவர் பக்கத்து வீட்டுச் சீன அன்ட்டி. துடைப்பத்தைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஒரு நடை நடப்பார். அது எதிலும் இடிக்காமல் போக வேண்டும். இடித்தால் அந்தத் தொட்டி வீட்டுக்குள் போக வேண்டும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் இரண்டு விரலைச் சேர்த்துக் கொசு என்று காட்டுவார். அவருடைய மிளகாய்ச் செடிகளும் வாசனைப் பாண்டான் இலைகளும் அணிவகுப்புக்கு நிற்பதுபோல நிற்கும். பதினைந்து ஆண்டாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. அதுவரை லிஃப்டில் சிரித்துக்கொண்டதோடு சரி. நான் செடி வைத்த பிறகு தினமும் அவரிடம் திட்டு வாங்கினேன். அண்டை வீட்டாரோடு பழகுவது என்பது இதுதான் போலிருக்கிறது.

முதல் முயற்சி வெண்டை. அது ஒரு முழம் வளர்ந்து ஒரே ஒரு காய் காய்த்தது. சாம்பாரில் போட்டோம், யார் தட்டில் விழுந்தது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அடுத்தது கீரை. அதை நத்தை தின்றுவிட்டது. நான்காம் மாடிக்கு நத்தை எப்படி வந்தது என்று நாள் முழுக்க யோசித்தேன். லிஃப்டில்தான் வந்திருக்க வேண்டும். எங்கள் லிஃப்டின் வேகம் அதற்கு ஒத்துவரும்.

மூன்றாவதுதான் புடலை. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் ஊதுபத்திக் கட்டுகளுக்கு நடுவே தொங்கிய விதைப் பொட்டலம். எந்தப் புத்தகத்திலும் புடலைக்குக் குறிப்பில்லை. ஒருவேளை அதனால்தான் அது ஒழுங்காக முளைத்தது. ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டே மாதத்தில் சுவர் முழுக்க ஏறிவிட்டது. மாலை ஏழு மணிக்குப் பூ விரியும். வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, யாரோ லேஸ் பின்னிப் பாதியில் எழுந்து போனமாதிரி இருக்கும். பூச்சி எதுவும் வரவில்லை. ஆண் பூவின் மகரந்தத்தை நாமே எடுத்துப் பெண் பூவில் தடவ வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது மனிதன் காது குடையும் பஞ்சுக் குச்சியோடு பூவுக்குப் பூ போய்க்கொண்டிருப்பதை அன்ட்டி தன் இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று முழுதாகப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் திட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

அத்தனை பூவில் ஒன்றே ஒன்று பிஞ்சு பிடித்தது. அதுவும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே.

எங்கள் வட்டாரத்தில் புல் வெட்டும் ஊழியர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் உண்டு. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பிஞ்சு ஒரு சாண் ஆனபோது அவர்தான் கீழேயிருந்து பார்த்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்திக் குரல் கொடுத்தார்.

“அண்ணே, காய் வளையுது. நுனியில ஒரு கல்லக் கட்டி விடுங்க. இல்லன்னா பாம்பாட்டம் சுருட்டிக்கும்.”

அவர்கள் வீட்டுப் பந்தலில் எல்லாக் காய்க்கும் கல் கட்டித்தான் விடுவார்களாம். அந்தப் பந்தல் ஆறடி உயரம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் கல் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? தரையெல்லாம் புல் அல்லது சிமெண்டு. பூங்காவில் வெறுங்காலோடு நடப்பதற்கென்று கூழாங்கல் பாதை ஒன்று இருக்கிறது. அருமையான கற்கள், ஆனால் ஒவ்வொன்றையும் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். குனிந்து இரண்டு மூன்றை அசைத்துப் பார்த்தேன். எல்லாக் கல்லும் நிரந்தர வேலையில் இருந்தது. வேலையில்லாமல் அங்கே இருந்தது நான் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தால் பதக்கம். கல்லின் கனம். கட்டுவதற்கு வளையம்கூட இருந்தது. இருபது ஆண்டுச் சேவைக்கு இதைவிட நல்ல பயன் கிடைக்காது என்று தோன்றியது. ராஃபியா கயிற்றில் கோத்து நுனியில் கட்டினேன். நான்கு நாளில் காய் நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்தது என்றால், ஒரு முழம், ஒன்றரை முழம், வெள்ளைக் கோடு போட்ட பச்சையில், அடியில் என் பெயர் மினுங்க, நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். நேர் கீழே பெஞ்சு. பெஞ்சில் அங்கிளின் வெள்ளைத் தலை.

“இது வெளிய தொங்குதுங்க. கீழ அங்கிள் உக்காந்திருக்காரு.”

முடிச்சைப் பற்றி விளக்கினேன். கப்பல்காரர்கள் போடும் முடிச்சு, படித்துத் தெரிந்துகொண்டது.

“விழுந்துட்டா?”

“விழறதாவது புடலங்காயாவது.”

“அதான் நானும் கேக்கறேன்,” என்றாள். “அதாவது இதாவது விழுந்துட்டா?”

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி உண்டு. மாடியிலிருந்து பூந்தொட்டி ஒன்று விழுகிறது. கீழே ஒரு மனிதர் ஒன்றும் தெரியாமல் நடந்து போகிறார். தண்டனைகள் அடியில் நான்கு மொழியில் இருக்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் லிஃப்டுக்கு நின்றேன். கொடியைச் சுவருக்கு உள்ளே இழுத்துவிட்டிருக்கலாம். உள்ளே வெயில் போதாது, காம்பு ஒடிந்துவிடும் என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. கீழே போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வேலை போன பிறகு என்னுடையது எதையும் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அன்ட்டியின் கதவு திறந்திருந்தது, அங்கிள் பெஞ்சில் இருந்தார், காய் அதனிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தேக்காவுக்கு மீன் வாங்கக் கிளம்பினேன். திரும்பி வரும்போது பேருந்தின் சன்னலில் காற்று அறைந்தது. சுமத்ராப் பக்கமிருந்து காலையில் திடீரென்று வருமே, அந்தக் காற்று. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. பிறகு மழை. நான் நினைத்தது என் காயைத்தான். கொடி தாங்குமா என்று நினைத்தேன். கொடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நினைக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்போது தூறல்தான் மிச்சம். எங்கள் புளோக்கின் முன்னாலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் விளக்குச் சுழல என்னைக் கடந்து போயிற்று.

பெஞ்சு காலி. கோப்பிப் பை தரையில் கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். காய் இல்லை, பதக்கம் இல்லை. கொடி ஏறிய கயிற்றின் நுனி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த புதுக்கோட்டைக்காரர் என்னைப் பார்த்து வந்தார். “அந்தச் சீனப் பெரியவருதாண்ணே. மண்டையில ரத்தம். நான் ஓடி வரதுக்குள்ள ஏத்திட்டாங்க.”

அடுத்து நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எந்த மருத்துவமனை, நினைவு இருந்ததா, கூட யார் போனார்கள், எதையும் நான் கேட்கவில்லை. குனிந்து ஈரப் புல்லில் தேட ஆரம்பித்தேன். அந்தப் பதக்கத்தில் என் பெயர் இருந்தது. எழுத்துப் பிழையோடு இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயர்க்காரன் நானில்லை என்று வாதாட இடமுண்டா என்றுகூட மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. எனக்கு இடம் நகர்ந்து கொடுத்த மனிதர் மண்டை உடைந்து போகிறார். நான் சாட்சியத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

“என்னண்ணே தேடுறீங்க?”

“சாவி,” என்றேன்.

அவரும் குனிந்துவிட்டார். கால்மணி நேரம், இல்லாத சாவியை, அந்தத் தூறலில் அவர் புல்லைக் கையால் விலக்கி விலக்கித் தேடினார். சாவிக்கொத்தில் ஏதாவது அடையாளம் உண்டா என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மேலே வந்துவிட்டேன்.

அன்ட்டியின் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இல்லை. மனைவி வகுப்பில் இருப்பாள், கைப்பேசியை எடுக்க மாட்டாள். மீனைக்கூட எடுத்து வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் தலையில் பட்டிருக்கும், காயின் பக்கமா, பதக்கத்தின் பக்கமா? காய் என்றால் பிழைத்துக்கொள்வார். பதக்கம் என்றால்? நான்கு மாடி. நிறையப் படித்தவனுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் தேவையில்லாமல் நினைவிலிருக்கும்.

இரண்டரைக்கு மனைவி வந்தாள். சொன்னேன். சாவி என்று பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். நான் எதிர்பார்த்த வசவு ஒன்றும் வரவில்லை. மீனை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள், கை கழுவினாள், கைப்பையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“போலீஸ்ல போய் நாமளே சொல்லிடலாம். அவங்க எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்க, அங்க போலாம். நானும் வரேன்.”

சரி என்று எழுந்து, அறைக்குள் போய், நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஏன் என்று என்னைக் கேட்கக் கூடாது. சரணடையப் போகிறவன் கசங்கிய சட்டையோடு போகக் கூடாது என்று எங்கோ படித்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது அங்கிளின் குரல் காதில் விழுந்தது, கரண்ட் வேஸ்ட். மனைவி வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

லிஃப்டின் முன்னால் போய் நின்றோம். சுவரொட்டியை நான் பார்க்கவில்லை. லிஃப்ட் தன் நத்தை வேகத்தில் ஏறி வந்து கதவு திறந்தது. உள்ளே அன்ட்டி. கலைந்த தலை, வீட்டுச் செருப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யூ காட் ஜாப் ஆ?” என்றார்.

மனைவிதான் அங்கிளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அன்ட்டி லிஃப்டிலிருந்து வெளியே வந்து, தன் ஆங்கிலமும் மலாயும் கலந்து, முதலில் என்னைத் திட்டி முடித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

காற்று வந்ததும் தன் மிளகாய்ச் செடிகளை உள்ளே எடுக்க வெளியே வந்திருக்கிறார். என் காய் கடிகாரப் பெண்டுலம்போல வீசி வீசி ஆடுகிறது. என் கதவைத் தட்டினார், ஆளில்லை. வீட்டுக்குள் ஓடிக் கத்தரிக்கோலை எடுத்துவந்து, சுவரில் சாய்ந்து, எக்கி, கொடியைப் பிடித்து இழுத்து, காயைக் கயிற்றோடும் பதக்கத்தோடும் வெட்டி எடுத்துவிட்டார். அப்படி எக்கி நிற்கும்போதுதான் கீழே பார்த்திருக்கிறார். மழைக்குப் பயந்து பெஞ்சிலிருந்து எழுந்த அங்கிள் ஓரடி வைத்து, நின்று, அப்படியே சரிந்தார். பெஞ்சின் விளிம்பில் நெற்றி இடித்தது.

தலைச்சுற்றல். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து நாலு நாளாகியும் அவர் வாங்கப் போகவில்லை. நெற்றியில் ஐந்து தையல். அன்ட்டிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வீட்டுச் செருப்போடு கூடவே ஏறிப் போயிருக்கிறார். அந்தக் காற்றிலும் மழையிலும் கீழே ஒரு ஆள் இல்லை, வேறு யாரும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னாராம். இப்போது விழித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கோப்பி சரியில்லை என்று தாதியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

தாழ்வாரத்தில் உரமண் மூட்டை ஒன்று இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்டால் இல்லை. சிரித்தேன் என்று மனைவி சொல்கிறாள். சத்தம் வராமல் உடம்பு மட்டும் குலுங்குகிற சிரிப்பு. இஸ்திரி போட்ட சட்டை முழுக்க மண். அன்ட்டி உள்ளே போய்ச் சீனப் பத்திரிகையில் சுற்றிய காயைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவ்வளவு நேரம் குளிர்பெட்டியில் இருந்ததால் சில்லென்றிருந்தது. பதக்கம் இன்னும் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பல்காரர்களின் முடிச்சு அவிழவில்லை என்பதை நான் மனைவியிடம் சுட்டிக்காட்ட நினைத்து, அவள் முகத்தைப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

காயை மூன்றாக வெட்டினோம். ஒரு பங்கு அன்ட்டிக்கு. உலர்ந்த இறாலும் முட்டையும் போட்டுப் பிரட்டினார், தாழ்வாரமே மணத்தது. ஒரு பங்கை மனைவி பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். அதில் ஒரு டப்பா புதுக்கோட்டைக்காரருக்குப் போயிற்று. அதைக் கொடுக்கும்போது சாவி விஷயத்தின் உண்மையைச் சொன்னேன். டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார்.

“நான் கல்லத்தானண்ணே கட்டச் சொன்னேன்?”

நியாயமான கேள்வி.

கடைசிப் பங்கு அங்கிளுக்கென்று எடுத்து வைத்திருந்தது. பதக்கத்தை அன்ட்டியிடம் நீட்டி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருக்கும் பெயர் உன்னுடையது இல்லையே என்றார். அலுவலகத்தில் இருபது ஆண்டு கூட வேலை பார்த்தவர்கள் ஒருவரும் கண்டுபிடிக்காததை அவர் கதவோரம் நின்றே கண்டுபிடித்துவிட்டார். இப்போது அவருடைய சாவிக்கொத்து அதில்தான் இருக்கிறது. ‘சேவைக்கு நன்றி’ என்ற வரி ஒருவழியாக உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

அங்கிள் நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் ஏழரைக்குப் பெஞ்சில் இருந்தார், நெற்றியில் வெள்ளைப் பட்டியோடு. மேலேயிருந்து பார்த்தேன், இறங்கத் தைரியம் வரவில்லை. அவரிடம் என்ன சொல்வது? உங்களை நான் கொல்லவில்லை, ஆனால் ஆறு மணி நேரம் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் முதல் அரைமணி உங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றா? ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றேன் மனைவியிடம். அவள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், அங்கிளின் பங்கை வதக்கி வைத்திருந்த டப்பாவை எடுத்து என் கையில் திணித்தாள்.

“நன்றியாவது புடலங்காயாவது, ரெண்டுல ஒண்ணக் குடுங்க. ரெண்டையும் குடுத்தா இன்னும் நல்லது.”

தமிழ் இலக்கணத்தில் அந்த ‘ஆவது’க்கு இப்படி ஓர் அர்த்தமும் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இறங்கிப் போனேன். வழக்கம்போல என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். டப்பாவை அவர் மடியில் வைத்தேன். திறந்து பார்த்து, விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, இளசு என்று தலையாட்டினார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல் கிடைக்காதது, பதக்கம், காற்று, வெறும் கயிறு, புல்லில் நான் தேடியது. சட்டைக்கு இஸ்திரி போட்டதை மட்டும் விட்டுவிடலாமென்று பார்த்தேன், அதையும் சொல்லிவிட்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கடைசித் துண்டும் முடிந்த பிறகு, கழுத்தை மெதுவாகப் பின்னால் சாய்த்து, கையால் நெற்றிப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, நான்காம் மாடியை அண்ணாந்து பார்த்தார். கொடியில் புதிதாக இரண்டு பிஞ்சு பிடித்திருந்தது. இரண்டும் சுவருக்கு உள்ளே, அன்ட்டியின் கண்காணிப்பில், முடிச்சுப் போட்ட துணியில் கொஞ்சம் மண்ணைக் கனமாகக் கட்டிக்கொண்டு. கீழேயிருந்து பார்த்தால் இலைகள் மட்டுமே தெரியும்.

அங்கிள் தலையைக் கீழே இறக்கினார். கோப்பிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெஞ்சின் மறுகோடிக்கு நடந்து போய், அங்கே உட்கார்ந்து, அதுவரை தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“யூ சிட் ஹியர்,” என்றார்.

அன்றிலிருந்து அதுதான் என் இடம். தினமும் காலையில் கொடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பேன். பெஞ்சின் கோடியில் அந்த வெள்ளைத் தலை இருக்கும். தண்ணீர் ஊற்றிவிட்டு, இஸ்திரி போடாத சட்டையோடு இறங்கிப் போய், என் காய்களுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்வேன்.